எங்கள் பக்கத்தில் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர்கள் யார்? வகுப்பில் சொல்ல வேண்டும்

படுவான்கரை வாத்தியார் (ஞாயிறு, இரவு 8.10)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு உதவி கேட்டு இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரையில், மண்முனைப் பாலம் தாண்டி, கொக்கட்டிச்சோலைப் பக்கம் கணிதம் படிப்பிக்கிறேன். போன கிழமை பத்தாம் வகுப்பில் ஒரு பாடவேளை மிச்சமாகக் கிடைத்தது. வறுமையில் பிறந்து விடாமுயற்சியால் உயர்ந்தவர்களைப் பற்றிக் கதைக்கலாம் என்று தொடங்கினேன். அப்துல் கலாம் சின்ன வயதில் ராமேஸ்வரத்தில் பேப்பர் போட்ட கதை, விஞ்ஞானி மைக்கேல் பரடே லண்டனில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய கதை எல்லாம் சொன்னேன். கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பொடியன் எழும்பினான். "சேர், இவங்க எல்லாரும் தூரத்து ஆக்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் யாராவது இருக்காங்களா?"

நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். வேளாண்மை வெட்டுக் காலம் வந்தால் கிழமையில் 2 நாள்தான் வகுப்புக்கு வருவான். இப்போது வெட்டு மிஷின்தான், ஆனால் மூடை கட்டவும் நெல் காயப்போடவும் கை வேண்டும். அந்த வேலைக்குப் போகிறான்.

எனக்கு உடனே வாயில் வந்தது விபுலாநந்த அடிகள். "அது சாமிதானே சேர்" என்றான். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அதே வகுப்புக்குத் திரும்பப் போகிறேன். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். பெரிய பெயர்தான் வேண்டும் என்றில்லை.

காரைதீவு மைந்தன் (ஞாயிறு, இரவு 9.02)

சேர், "சாமிதானே" என்பதோடு விட்டுவிடாதீர்கள். பிறக்கும்போது அவர் சாமி இல்லை. 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம். கல்முனையில் படித்தார், பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார், இலங்கையில் அதில் தேறிய முதல் ஆள் அவர்தான். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் இங்கிருந்தே எடுத்தார். தமிழ் ஒரு பக்கம், விஞ்ஞானம் ஒரு பக்கம், இரண்டையும் ஒரே ஆள் ஒரே காலத்தில் படித்திருக்கிறார். பகலில் படிப்பித்துக்கொண்டு இரவில் படித்த மனிதர்.

அவர் வறுமையில் பிறந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. கதை நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக அவரை ஏழையாக்க வேண்டாம். ஆனால் ஏழைப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியவர் அவர். பிறகு 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர்.

விடாமுயற்சிக்கு அவர் எழுதிய யாழ்நூலைச் சொல்லுங்கள். பழந்தமிழ் யாழ் எப்படி இருந்தது, எப்படி ஒலித்தது என்று யாருக்கும் தெரியாமல் போன காலத்தில், 14 வருடம் அதன் பின்னாலேயே போனார். சிலப்பதிகார வரிகளையும் சுர அளவுகளின் கணக்கையும் வைத்துக்கொண்டு மறைந்துபோன வாத்தியத்தை மறுபடி கட்டியெழுப்பினார். நீங்கள் கணித ஆசிரியர், அந்த நூலுக்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். 1947 ஆனியில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றம். அடுத்த மாதம், ஆடி 19, அவர் மறைந்துவிட்டார். நான் சின்ன வயதில் இந்த இரண்டு திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வாசித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

மருதமுனைத் தறிவீடு (ஞாயிறு, இரவு 10.25)

அஸ்ஸலாமு அலைக்கும் சேர். நான் பெரிய ஆள் இல்லை. பெரிய பெயர் வேண்டாம் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

வாப்பா நெசவாளி. எங்கள் வீட்டில் குழித்தறி. வாப்பா குழிக்குள் காலை விட்டு இருந்து மிதி மிதிப்பார், உம்மா பக்கத்தில் ராட்டையில் நூல் சுற்றுவா. வீட்டில் ஒரே ஒரு நல்ல வெளிச்சம், அது தறிக்கு மேலேதான். அதனால் நான் தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்துத்தான் படிப்பேன். சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது வாப்பாவின் கட்டளை. அவர் நெய்துகொண்டே கேட்பார். நான் தூங்கி விழுந்து வாசிப்பு நின்றால் நாடா ஓடும் சத்தமும் நின்றுவிடும். அந்த அமைதியில்தான் எனக்கு விழிப்பு வரும். கண்ணைத் திறந்தால் வாப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சொல் சொல்ல மாட்டார். நான் வாசிக்கத் தொடங்கினால் நாடாவும் ஓடத் தொடங்கும். வாப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் சரியாக வாசிக்கிறேனா பிழையாக வாசிக்கிறேனா என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது யோசித்ததில்லை.

2004 மார்கழியில் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை, சுனாமி வந்தது. ஆட்கள் தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். தறி போய்விட்டது. குழி முழுக்கக் கடல் மண். வாப்பா அந்த மண்ணை ஒரு தகர வாளியால் அள்ளி அள்ளி வெளியே கொட்டினார். குழியைத் துப்பரவாக்கி முடித்தபோது அதற்கு மேலே வைப்பதற்குத் தறி இல்லை. ஆனால் அந்தக் குழி இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதி ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போனேன். இப்போது கணக்காய்வுத் துறையில் நல்ல வேலை. வாப்பா 2 தறியோடு இன்னும் நெய்கிறார். நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டார்.

உன்னிச்சை (ஞாயிறு, இரவு 11.40)

எல்லோரையும் மதித்துத்தான் சொல்கிறேன், இந்தக் கதைகளில் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது.

என் அப்பா 30 வருடம் போடியாரின், அதாவது பெரிய நிலக்காரரின், வயலில் வேலை செய்தார். விடியக் காலை 4 மணிக்கு வரம்பில் நிற்பார். மழை, அட்டை, யானைப் பயம், எதற்கும் ஒரு நாள் தவறியதில்லை. அவரை விட விடாமுயற்சி உள்ள மனிதரை நான் கண்டதில்லை. சாகும்போது அவர் பெயரில் ஒரு சாண் நிலம் இல்லை.

"முயற்சி செய்தவன் முன்னேறுவான்" என்று வகுப்பில் சொன்னால், முன்னேறாத அப்பாவின் மகன் என்ன நினைப்பான்? என் அப்பா முயற்சி செய்யவில்லை என்றுதானே நினைப்பான். நான் 13 வயதில் அப்படித்தான் நினைத்தேன். அதற்காக இன்றுவரை மனம் நோகிறது. சேர், அந்தக் கடைசி வாங்குப் பொடியன் எந்த வீட்டிலிருந்து வருகிறான் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

படுவான்கரை வாத்தியார் (திங்கள், காலை 6.05)

உன்னிச்சை, நீங்கள் எழுதியதை இரவு இரண்டு முறை வாசித்தேன். பதில் எழுத முடியவில்லை. நான் அப்படி யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. 15 வருடமாக அந்த வசனத்தை வகுப்பில் சொல்லி வருகிறேன்.

கல்லாறு அக்கா (திங்கள், பகல் 1.30)

தம்பிமார், இப்போதுதான் வேலை ஓய்ந்து இருந்தேன். நானும் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் இல்லாமல் போன பிறகு கையில் இரண்டு பிள்ளைகள். ஒரு கிலோ மாவில் இடியப்பம் அவிக்கத் தொடங்கினேன். இரவு இரண்டரைக்கு எழும்ப வேண்டும். மா வறுத்த பதம் சரியாக இருந்தால்தான் இடியப்பம் பூப்போல வரும், கொஞ்சம் கருகினால் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். தண்ணீர் கொதித்து வரும்போதே மாவில் விட வேண்டும், ஆறிய தண்ணீர் என்றால் உரலில் பிழியவே முடியாது, மணிக்கட்டு போய்விடும். முதல் 6 மாதம் என் கை வீங்கியபடியேதான் இருந்தது.

கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று குழுக்கடன் எடுத்தேன். அதுதான் நான் செய்த பிழை. கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். தேங்காய் விலை ஏறின கிழமை, மழை பெய்து கடை பூட்டின கிழமை, எதையும் பார்க்க மாட்டார்கள். வாசலில் வந்து இருந்துவிடுவார்கள். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதனால் பக்கத்து வீட்டுக்காரி முகத்தைப் பார்க்கவே வெட்கம். 3 வருடம் நித்திரை இல்லை. உன்னிச்சைத் தம்பி சொன்னது சரி. அந்த 3 வருடமும் நான் முன்பைவிடக் கூடத்தான் உழைத்தேன், கீழேதான் போனேன்.

கடைசியில் காதுத் தோட்டை விற்று மூன்றையும் அடைத்தேன். மாதர் சங்கத்தில் சின்னதாக ஒரு கடன், குறைந்த வட்டிக்குத் தந்தார்கள். அப்போது சங்கத்துத் தலைவி அக்கா ஒரு கொப்பியைக் கையில் தந்து, "நாளுக்கு நாள் எழுது, தேங்காய் எத்தனை, விறகு எவ்வளவு, உன் கூலி எவ்வளவு" என்றா. என் கூலியா என்று கேட்டேன். "ஓம், உன் கூலிதான். அதை எழுதாததால்தான் உனக்கு லாபம் நட்டம் தெரியவில்லை" என்றா. அந்த நாள் வரைக்கும் நான் என் உழைப்புக்கு விலை போட்டதே இல்லை.

இப்போது என்னோடு 4 பெண்கள் வேலை செய்கிறார்கள். மூத்தவள் தாதியர் படிப்பு படிக்கிறாள். முன்னுக்கு வந்துவிட்டேன் என்று சொல்லலாமா தெரியாது. கடன் இல்லை. இரவில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இப்போது நெஞ்சு இடிப்பதில்லை.

காரைதீவு மைந்தன் (திங்கள், பகல் 2.15)

அக்கா, அந்தக் கொப்பியை வைத்திருக்கிறீர்களா?

கல்லாறு அக்கா (திங்கள், பின்னேரம் 4.00)

11 கொப்பி இருக்கிறது.

மைதானத்து ரீச்சர், திருக்கோவில் (திங்கள், இரவு 7.20)

நான் உடற்கல்வி. சேர், சுசந்திகா ஜயசிங்கவைச் சொல்லுங்கள். வறக்காப்பொலைக்குப் பக்கத்தில் உடுவக்க என்ற கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளை. 1997இல் ஏதென்ஸ் உலக சம்பியன்ஷிப்பில் 200 மீற்றரில் வெள்ளி. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் மூன்றாவதாக வந்தா. 1948இல் டங்கன் வைற் வெள்ளி எடுத்த பிறகு 52 வருடம் கழித்து இந்த நாட்டுக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. முன்னால் ஓடியவர் ஊக்கமருந்து பாவித்தது தெரியவந்து பதக்கத்தை இழந்த பிறகு, சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாறியது. நேர்மையாக ஓடியவளுக்கு 9 வருடம் கழித்து அவளுடைய இடம் கிடைத்தது. பெண் பிள்ளைகளுக்கு நான் இதை ஒவ்வொரு வருடமும் சொல்வேன்.

எங்கள் மைதானத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? மாகாண மட்டப் போட்டிக்குப் போன இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சோடி ஸ்பைக்ஸ். ஒருத்தி 100 மீற்றர் ஓடி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே குனிந்து சப்பாத்தைக் கழற்றி, 200 மீற்றருக்கு நிற்கும் மற்றவளிடம் ஓடிப்போய்க் கொடுப்பாள். மற்றவளின் கால் சின்னது, முன்னுக்குப் பஞ்சு அடைத்துக் கட்டுவோம். பதக்கம் எடுத்தது இரண்டாவது பிள்ளை. பேப்பரில் அவளுடைய படம் மட்டும்தான் வந்தது. முதல் பிள்ளை அந்தப் பேப்பர்த் துண்டை வெட்டித் தன் கணிதக் கொப்பியில் ஒட்டி வைத்திருந்தாள்.

ஆரையம்பதி ஓய்வூதியர் (திங்கள், இரவு 9.45)

உங்கள் எல்லோருக்கும் மூத்தவன் நான். 1978 கார்த்திகை 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவன். ஒரே இரவில் ஊரில் நிமிர்ந்து நின்ற தென்னை எல்லாம் படுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக் கூரையைக் காணவில்லை. வாங்கு மேசை ஒன்றும் மிஞ்சவில்லை. விழுந்து கிடந்த தென்னங்குற்றிகளில் வரிசையாக இருந்துதான் படித்தோம். மழை வந்தால் எழும்பி ஓடுவோம், விட்டால் வந்து இருப்போம். அப்பா வாவியில் வலை வீசுகிறவர், தோணியும் போய் வலையும் போய் வீட்டில் ஒரு நேரச் சாப்பாடு. அப்படி இருந்தும் நான் படிப்பை விடவில்லை. ஏன் என்றால் அது இலவசம். அந்த ஒரு காரணம்தான். காசு கட்ட வேண்டும் என்றிருந்தால் அந்தக் கார்த்திகையோடு என் படிப்பு முடிந்திருக்கும்.

இந்த இழையில் கன்னங்கராவின் பெயரை யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். 1884இல் அம்பலாங்கொடைப் பக்கம் பிறந்தவர். கெட்டிக்காரப் பொடியன் என்று புலமைப்பரிசில் கிடைத்து காலி றிச்மண்ட் கல்லூரிக்குப் போனவர். அந்தப் புலமைப்பரிசில் இல்லாவிட்டால் அவர் இல்லை. கல்வி அமைச்சரானதும் என்ன செய்தார்? ஒருவனுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று நின்றார். எத்தனை எதிர்ப்பு! 1945 ஐப்பசியில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கென்று மத்திய கல்லூரிகள் வந்தன. அப்படி வந்த ஒன்றுதான் வந்தாறுமூலை. 1981 ஆவணி முதலாம் திகதி அந்த வளாகத்தில்தான் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, 1986இல் அதுவே கிழக்குப் பல்கலைக்கழகமானது. மேலே வந்தவன் ஏணியை எடுத்துக்கொண்டு போகவில்லை பாருங்கள். தம்பி உன்னிச்சை, உங்கள் அப்பாவின் கதைக்கு இது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் இங்கே எழுதுகிறீர்களே, அதில் அப்பாவின் உழைப்போடு இதுவும் இருக்கிறது.

உன்னிச்சை (திங்கள், இரவு 10.10)

ஓம் ஐயா. மறுக்கவில்லை. நான் பொறியியல் பீடம் போனது மாவட்ட ஒதுக்கீட்டில்தான். 100 இடத்தில் 40 முழு நாட்டுக்கும் பொதுவான திறமை வரிசைக்கு, 55 சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எங்கள் மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில்தான். கொழும்பில் ஒருவன் உயர்தரப் பரீட்சையில் என்னைவிடக் கூடிய இசட் புள்ளி எடுத்து வெளியே நின்றான். அவன் அதை என் முகத்துக்கு நேரே சொன்னான். நான் சொன்னேன், "மச்சான், எங்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிகத்துக்கு ஒன்றரை வருடம் வாத்தியார் இல்லை." அவன் பேசாமல் இருந்தான். பிறகு நாங்கள் நல்ல நண்பர்களானோம். இசட் புள்ளி பரீட்சை மண்டபத்துக்குள் நடந்ததை மட்டும்தான் காட்டும்.

மூத்தவன், தோகா (செவ்வாய், அதிகாலை 12.50)

இரவு வேலை. இடைவேளையில் ஃபோனில் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நான் நாவலடி. சுனாமி வந்தபோது உயர்தர வகுப்பு, கணிதப் பிரிவு. அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. அம்மா, எனக்குக் கீழே 3 பேர். இணைந்த கணிதப் புத்தகம் ஒன்று அண்ணன் முறையான ஒருவர் தந்தது, ஓரமெல்லாம் அவருடைய கையெழுத்தில் குறிப்பு. அதுவும் போய்விட்டது. முகாமில் இருந்தபோது நான் நிறைய நாள் அந்தப் புத்தகத்தைத்தான் நினைத்தேன், அப்பாவை நினைக்காமல் இருப்பதற்காக என்று இப்போது விளங்குகிறது.

திராய்மடுவில் வீடு கட்டும் வேலை நடந்தது. மேசனுக்கு உதவியாளாகப் போனேன். பள்ளிக்குத் திரும்பிப் போகவில்லை. அம்மா கருவாடு வாங்கி விற்றா. 2008இல் கத்தார் வந்தேன்.

பெரிய தம்பி பொறியியலாளர். தங்கச்சி ஆசிரியை. சின்னவன் இப்போது கம்பஸ். தம்பியின் பட்டமளிப்பை நான் வேலைத்தளத்தில் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நிழலில் நின்று ஃபோனில் பார்த்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. அவன் பெயரைக் கூப்பிட்ட இடத்தில் படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது அவன் இறங்கிவிட்டான். பிறகு அவனே வீடியோ அனுப்பினான், பார்த்தேன். ஆனால் அந்த நேரத்தில் பார்க்கவில்லையே என்று இருந்தது.

ஊரில் அவனை மேடையேற்றும்போது, "தந்தையை இழந்தும் விடாமுயற்சியால் உயர்ந்தவர்" என்று சொல்வார்கள். உண்மைதான். அவன் தெருவிளக்கில் படித்தவன். நான் காசு அனுப்பினேன் என்பதற்காக அவன் பாடு குறையாது. என் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. அம்மாவின் பெயரைச் சொல்லலாம். கருவாட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தில் நடந்து போன ஆள் அவ. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், மணக்கும் என்று.

மருதமுனைத் தறிவீடு (செவ்வாய், காலை 5.40)

தோகா நானா, சுபஹு தொழுதுவிட்டு வாசித்தேன். உங்களுக்கும் உங்கள் தாயாருக்கும் துஆச் செய்தேன்.

கல்லாறு அக்கா (செவ்வாய், காலை 9.15)

மகன், அம்மா இப்போது சுகமாக இருக்கிறாவா?

மூத்தவன், தோகா (செவ்வாய், பகல் 12.05)

இருக்கிறா அக்கா. தங்கச்சியோடு. முழங்கால் வருத்தம் மட்டும்.

படுவான்கரை வாத்தியார் (புதன், இரவு 8.30)

நேற்று முழுக்க ஒரு வேலை செய்தேன். நான் வகுப்பில் சொன்ன இரண்டு கதைகளையும் திரும்ப எடுத்து வாசித்தேன், முதலில் எதை விட்டுவிட்டேன் என்று பார்க்க.

கலாமுக்குச் சென்னையில் எம்.ஐ.டி. என்ற பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தபோது கட்டுவதற்கு ஏறக்குறைய 1000 ரூபாய் தேவைப்பட்டது. வீட்டில் இல்லை. அக்கா சோஹரா தன் தங்கக் காப்பையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்திருக்கிறா. கலாமே இதை எழுதியிருக்கிறார், சொந்த உழைப்பில் அதை மீட்டுக்கொடுப்பேன் என்று அப்போது உறுதி எடுத்ததையும் எழுதியிருக்கிறார். பரடே கொல்லன் மகன். அவர் வேலை பழகிய கடை முதலாளி, கட்ட வரும் புத்தகங்களை வாசிக்க விட்டார். கடைக்கு வந்து போகும் டான்ஸ் என்ற மனிதர் 1812இல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளுக்கு நுழைவுச் சீட்டுக் கொடுத்தார். பரடே அங்கே கேட்டதை எல்லாம் எழுதி, தானே அழகாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார், அடுத்த வருடம் உதவியாளர் வேலை கிடைத்தது. 1831இல் அவர் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலில்தான் இன்றைக்கும் பெரும்பாலான மின்சாரம் பிறக்கிறது.

இதெல்லாம் நான் முன்பே வாசித்ததுதான். வகுப்பில் சொல்லும்போது அக்காவும் இல்லை, டான்ஸும் இல்லை. பேப்பர் போட்டான், புத்தகம் கட்டினான், உயர்ந்தான், அவ்வளவுதான் சொன்னேன்.

உன்னிச்சை (புதன், இரவு 9.00)

சேர், நான் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் முதலில் எழுதியது பாதிதான். அந்த விரிவுரைகளுக்குப் போய் இருந்த ஆள் பரடே மட்டும்தான் என்றில்லையே. சீட்டு வாங்கியவன் போய் இருந்து, முந்நூறு பக்கம் அளவுக்கு எழுதி, கட்டி, அனுப்ப வேண்டும். அதை வேறு யாரும் செய்து கொடுக்க முடியாது. மாவட்ட ஒதுக்கீடு எனக்கு வாசலைத் திறந்தது, உள்ளே போய் முதலாம் வருடத்தில் இரண்டு பாடம் கோட்டைவிட்டு, திரும்ப எழுதியது நான்தான். பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யாராவது வந்து தூக்கிவிடுவார்கள் என்று காத்திருப்பார்கள்.

மைதானத்து ரீச்சர், திருக்கோவில் (புதன், இரவு 9.20)

அதுதான் சரி. சப்பாத்தைக் கொடுக்கலாம், ஓட்டத்தை ஓடிக் கொடுக்க முடியாது.

படுவான்கரை வாத்தியார் (வெள்ளி, பின்னேரம் 3.50)

இன்று வகுப்பு முடிந்தது. இந்த இழையிலிருந்து நிறையச் சொன்னேன், யார் என்று சொல்லாமல். தறி நின்ற கதைக்கு வகுப்பே அமைதியானது. கல்லாறு அக்காவின் கொப்பியைச் சொன்னபோது ஒரு பிள்ளை, "சேர், எங்க அம்மா பாய் இழைக்கிறா, அவவுக்கும் கூலி எழுதலாமா?" என்று கேட்டாள். கரும்பலகையில் கணக்குப் போட்டோம். பன் புல்லுக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு, எத்தனை மணித்தியாலம். வந்த விடையைப் பார்த்துப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தத் தாய் விற்கும் விலையில் அவவுடைய உழைப்புக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை.

அப்புறம் ஒரு தாளில் எழுதச் சொன்னேன்: நீ படிப்பதற்காக உன் வீட்டில் யார் எதை விட்டார்கள்? அம்மா, அப்பா, வெளிநாட்டில் அம்மம்மா என்று எழுதினார்கள். கடைசி வாங்குப் பொடியனின் தாளை வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். ஒரே ஒரு வரி. அப்படியே தருகிறேன்.

"எனக்காக யாரும் விடல்ல சேர். தங்கச்சி ஆறாம் ஆண்டு. அவக்காக நான்தான் போறன்."

நான் இதுவரை அவனுடைய வரவு இடாப்பில் சிவப்பால் வட்டம் போட்டு வந்தேன். தங்கச்சியின் வகுப்பாசிரியையிடம் ஃபோன் பண்ணிக் கேட்டேன். இந்தத் தவணையில் ஒரு நாள்கூட அவள் வராமல் இருந்ததில்லை.

கல்லாறு அக்கா (வெள்ளி, பின்னேரம் 5.10)

ஐயோ பிள்ளை.

ஆரையம்பதி ஓய்வூதியர் (வெள்ளி, இரவு 7.00)

வாத்தியார், அவன் வேலைக்குப் போகும் நாட்களின் பாடத்தை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? நான் சும்மாதான் இருக்கிறேன். பின்னேரத்தில் மோட்டார் சைக்கிளில் வர 20 நிமிடம். விஞ்ஞானமும் ஆங்கிலமும் பார்க்கலாம். அந்தக் காலத்தில் மண்முனையில் வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்காக எத்தனை மணித்தியாலம் காத்து நின்றிருப்போம். பாலம் போட்டு இத்தனை வருடம், கடந்து வராமல் இருந்தால் எப்படி?

மருதமுனைத் தறிவீடு (வெள்ளி, இரவு 7.35)

கடந்த 10 வருட வினாத்தாள் கட்டு, விடைகளோடு, நான் அனுப்புகிறேன். தங்கச்சிப் பிள்ளைக்குப் பள்ளிச் சட்டைக்கு வெள்ளைத் துணியும் வாப்பா தருவார்.

மூத்தவன், தோகா (வெள்ளி, இரவு 11.30)

சேர், அவன் ஒரு நாள் வேலைக்கு எவ்வளவு எடுக்கிறான் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். இந்த வெட்டு முடியும் வரைக்கும் அந்த நாட்களின் கூலியை நான் தருகிறேன். சும்மா தந்தால் வாங்க மாட்டான், எனக்குத் தெரியும், நானும் வாங்கியிருக்க மாட்டேன். கடன் என்று சொல்லுங்கள், படித்து வேலை எடுத்ததும் தரட்டும் என்று. வட்டி இல்லை.

பங்குனி முடிவில் ஒரு மாத லீவில் வருகிறேன். முடிந்தால் அவனை நேரில் பார்க்க வேண்டும். அவனுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதை இங்கே எழுதத் தெரியவில்லை.

படுவான்கரை வாத்தியார் (சனி, காலை 6.20)

வாருங்கள் தம்பி. மண்முனைப் பாலத்தால் வந்து மகிழடித்தீவு தாண்டிக் கொக்கட்டிச்சோலைக் கோயில் சந்தியில் நில்லுங்கள், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். செவ்வாயும் வியாழனும் முதல் பாடவேளை பத்தாம் வகுப்புக் கணிதம், ஏழே முக்காலுக்குத் தொடங்குகிறது. இணைந்த கணிதப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது, பழையது, ஓரமெல்லாம் நான் எழுதிய குறிப்பு. எடுத்து வைத்திருக்கிறேன்.